வேகமும் காலப்பிரமாணமும்: ஏழு பேர் வீட்டுக்கு வாங்கிய ரவுட்டர்

ஆதி தாளத்தில் இரண்டாம் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) நீள்கிறது, மூன்றாவது குறுகுகிறது என்று ஒரு குழந்தையை மூன்று வாரம் திருத்திக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒன்பது வயதுக் குழந்தை. மூன்றாவது வாரம் அவளுடைய அம்மா, அங்கேயே கைபேசியில் பதிவு செய்த ஒலியை அனுப்பிவைத்தார். கேட்டேன். குழந்தை ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. பிசகியது என் வீட்டு இணையம். மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ரவுட்டரை மாற்றியே தீருவது என்று முடிவு செய்ததும் அன்றுதான்.

தஞ்சாவூரில் எங்கள் வீடு பழைய வீதி ஒன்றில் இருக்கிறது. முன்கட்டு என் மாமனாரின் தகப்பனார் காலத்தது: திண்ணை, ரேழி, கூடம், முற்றம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகச் சுவர் ஒன்றரை அடி கனம். முற்றத்துக்குப் பின்னால் 1998-இல் கட்டிய கான்கிரீட் பகுதி. கீழே சமையலறையும் மாமியாரின் அறையும், மேலே என் பாட்டு அறையும் மகனின் அறையும். ஃபைபர் கம்பி தெருவிலிருந்து ரேழிக்குள் நுழைகிறது. நான் பாடம் சொல்லும் இடம் அதற்கு நேர் எதிர்க்கோடி, அதுவும் மாடியில். நானும் கணவரும் மாமியாரும் போக, மகனுக்கு அமெரிக்க நிறுவனத்தில் இரவு வேலை, மருமகளுக்குப் பகலில் கணக்கு வேலை, இரண்டும் வீட்டிலிருந்தே. மகள் முதுகலை படிக்கிறாள். கொழுந்தனாரின் மகன் எங்களோடு தங்கிப் பொறியியல் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாக் கருவிகளையும் எண்ணினேன்: கைபேசி ஏழு, மடிக்கணினி நான்கு, தொலைக்காட்சி இரண்டு, டேப்லெட் இரண்டு, கேமரா நான்கு, பிரிண்டர் ஒன்று, ஏசி ஒன்று, இணையத்தோடு இணைந்த பிளக் மூன்று. மொத்தம் 24.

இணையத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தெரியும், மாணவியும் நாமும் சேர்ந்து பாட முடியாது. நான் ஒரு வரி பாடி நிறுத்துவேன், குழந்தை திருப்பிப் பாடும். தஞ்சாவூரிலிருந்து ஒலி அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய கால் வினாடி ஆகும். எந்த ரவுட்டர் வாங்கினாலும் அது குறையாது, குறைய வேண்டியதும் இல்லை. தாமதம் ஒரே அளவாக இருந்தால் காது பழகிக்கொள்ளும். ஒரு முறை கால் வினாடி, அடுத்த முறை முக்கால் வினாடி, அதற்கடுத்து மறுபடியும் கால் வினாடி என்று மாறினால் தாளம் தாளமாக வந்து சேராது. எங்கள் மொழியில் சொன்னால் வேகம் வேறு, காலப்பிரமாணம் வேறு. காலப்பிரமாணம் என்பது எடுத்த வேகம் மாறாமல் நிற்பது. மின்னல் வேகத்தில் பாடுகிறவர்கள் எல்லாரும் காலப்பிரமாணம் நிற்பவர்கள் இல்லை. ரவுட்டரும் அப்படியே. விளம்பரத்தில் இருப்பது வேகம். ஏழு பேர் வீட்டுக்கு வேண்டியது காலப்பிரமாணம். இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு ஐந்து மாதமும், வேண்டாத இரண்டு பெட்டிகளும் தேவைப்பட்டன. வாங்க நினைப்பவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வகுப்பில் ஒலி விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதினேன். ஒரு மாதத்தில் 41 முறை. காலை 5.30 வகுப்பில் அநேகமாக ஒன்றும் இல்லை. மாலை 5 மணிக்குச் சிங்கப்பூர் வகுப்பு. அதில்தான் பெரும்பாலானவை, அதுவும் 5.10 முதல் 5.40-க்குள். அந்த முக்கியமான அரை மணி ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எழுதி வைத்தது பின்னால் உதவியது.

அடுத்தது முதல் தவறு. திருச்சியில் ஒரு பெரிய கடைக்குப் போய், "வீட்டில் ஏழு பேர், இருப்பதிலேயே சக்தியுள்ளதாகக் கொடுங்கள்" என்றேன். ஆறு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். மேலே பெரிதாக ஏஎக்ஸ்5400 என்று அச்சடித்திருந்தது. அந்த எண் என்னவென்று யாராவது அன்று சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வினாடிக்கு 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 4804 மெகாபிட். இரண்டையும் கூட்டினால் 5378, அதை முழுமையாக்கி 5400. எங்கள் வீட்டுக் கருவி எதுவும் இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் பேசாது. அந்த 4804 வர வேண்டுமானால் எதிரே இருக்கும் கருவியிலும் நான்கு ஆன்டெனா இருந்து, சேனலும், அதாவது அலைவரிசைக்குள் பேச ஒதுக்கும் பாதையும், 160 மெகாஹெர்ட்ஸ் அகலமாக இருக்க வேண்டும். கைபேசிகளில் பொதுவாக இரண்டு ஆன்டெனாதான். 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அவற்றின் காகித வேகம் 1201 மெகாபிட். கையில் கிடைப்பது அதிலும் பாதியை ஒட்டி இருக்கும், அதுவும் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்றால். எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்போ 200 மெகாபிட்.

160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவு அகலம் கிடைக்க வேண்டுமானால் ரேடார்களுடன் பங்கிட்டுக்கொள்ளும் சேனல்களுக்குள் போக வேண்டும். ரேடார் இருப்பதாகத் தெரிந்தால் ரவுட்டர் அந்த இடத்தை உடனே காலி செய்தாக வேண்டும். அதே வகைப் புதிய சேனலுக்குப் போனால் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கலாம். வகுப்பு நடுவில் ஒரு நிமிட மௌனம் எனக்கு வேண்டாம்.

கூடத்தில் அந்தப் பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. மச்சில் என் அறையில் பழையபடியே. காரணத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். எவ்வளவு பலமாக ஒலிபரப்பலாம் என்பதற்குச் சட்டப்படி வரம்பு இருக்கிறது. ஆன்டெனா கூடுவதால் அந்த வரம்பு உயர்வதில்லை. அதைவிட முக்கியமானது, பேச்சு இரு வழிப்பட்டது. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும், பதில் சொல்லும் மடிக்கணினியின் குரல் சிறியது. ஒன்றரை அடிச் சுவர் இரண்டையும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்றையும் தாண்டி அந்தச் சிறிய குரல் திரும்பி வந்தால்தான் வகுப்பு நடக்கும். மாணவியின் குரல் எனக்கு எட்டி, என் குரல் அவளுக்கு எட்டாமல் போன மாலைகள் அதனால்தான். கடைக்காரர் ஏழு நாளுக்குள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார், அதற்கு நன்றி.

பிறகு பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி முற்றத்து ஓரத்தில் வைத்தேன். சிக்னல் கோடுகள் நிறைந்து தெரிந்தன, வகுப்பு மோசமாயிற்று. அது ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொரு சொல்லும் காற்றில் இரு முறை போகிறது. கிடைக்கும் வேகமும் பாதியாகிவிடுகிறது. ரிப்பீட்டர் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஏழு வயதில் சரளி வரிசைக்கு என்னிடம் வந்த ஒரு மாணவன் இப்போது பெங்களூரில் நெட்வொர்க் பொறியாளராக இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் என் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். "டீச்சர், நீங்கள் எழுதியிருக்கும் இந்த நேரம்தான் எல்லாம். 5.10-க்கு வீட்டுக்கு யார் வருகிறார்கள்?" என்றான். கொழுந்தனாரின் மகன் கல்லூரியிலிருந்து வருவான். வந்ததும் சமையலறையில் டிபன் சாப்பிட உட்காருவான். அவனுடைய கைபேசி வீட்டு வைஃபையைக் கண்டதும், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. கைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது.

ஒரு கைபேசி எப்படி 200 மெகாபிட் இணைப்பை நிறுத்த முடியும்? மாணவன் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். வைஃபை ஒரே மேடை. ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பாடலாம், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கருவி வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு இறங்கிவிடும். தூரத்தில், சுவர்களுக்கு அப்பால் இருக்கும் கருவியோ தெளிவாகக் கேட்பதற்காக மிக மெதுவாகப் பேசும். அதே செய்திக்கு இருபது மடங்கு நேரம்கூட மேடையில் நிற்கும். சமையலறைக் கைபேசியும் பின்வாசல் கேமராவும் அப்படி நின்றுகொண்டிருந்தன. வைஃபையின் ஆறாம் தலைமுறையான வைஃபை 6 வந்த பிறகு மேடையைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஒரே வீச்சில் பல கருவிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. உண்மையாகவே கூட்டமான வீட்டுக்கென்று யோசித்த ஏற்பாடு அது. ஆனால் கருவியும் வைஃபை 6 அறிந்ததாக இருக்க வேண்டும். எங்கள் கேமரா நான்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பழைய வகை.

இன்னொன்று வரிசை. ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை மட்டும் வாங்க வந்தவர், மூட்டை மூட்டையாக வாங்குபவர்களுக்குப் பின்னால் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என் குரல் அந்த ஒரு கிலோ சர்க்கரை. பல ரவுட்டர்கள் எதையும் தள்ளிவிடக் கூடாது என்று நீண்ட வரிசையை உள்ளே சேர்த்து வைக்கின்றன. குரல் போய்ச் சேர்கிறது, ஆனால் அரை வினாடி கழித்து. இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்ஸன் இருவரும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற முறையும், அதன்மேல் வளர்ந்த முறைகளும் இந்த நோய்க்கு மருந்து. வீட்டில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு முறை பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒருவர் பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். என் அறையில் அதிகாலை 5 மணிக்கு 12 மில்லி வினாடி. மாலை 5.20-க்கு 380, 410, ஒரு முறை 700. வேகச் சோதனையில் வரும் மெகாபிட் எண்ணைவிட இந்த எண்ணைத்தான் நம்புகிறேன்.

மாணவன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்து அலையின் பலத்தை அளந்தான். ரேழியில் மைனஸ் 38, முற்றத்தில் மைனஸ் 60, என் அறையில் மைனஸ் 81. தடையில்லாத பேச்சுக்கு மைனஸ் 67-ஆவது வேண்டும் என்றான். இந்த எண் பூஜ்ஜியத்துக்குக் கிட்டே வர வர நல்லது. "சக்தியுள்ள ஒரு பெட்டி இந்த வீட்டுக்கு எந்தக் காலத்திலும் போதாது, டீச்சர். நடுத்தரமான இரண்டு, நடுவில் ஒரு கம்பி" என்றான். இந்த மதிப்புரை முழுவதையும் ஒரு வாக்கியமாகக் கேட்டால் நான் சொல்லப்போவதும் அதுதான்.

வாங்கியது டிபி-லிங்க் நிறுவனத்தின் டெகோ எக்ஸ்50, இரண்டு அடங்கிய பெட்டி. 2024 பிப்ரவரியில் நான் கொடுத்தது பதினான்காயிரத்துச் சொச்சம். வைஃபை 6, ஏஎக்ஸ்3000 வகை: 5 கிகாஹெர்ட்ஸில் 2402, 2.4-இல் 574. ஒவ்வொன்றிலும் கம்பி சொருக மூன்று கிகாபிட் லேன் துளைகள். என் முடிவைத் தீர்மானித்தது அந்த மூன்று துளைகள்தான். ஒன்று இரண்டையும் இணைக்கும் கம்பிக்கு, ஒன்று என் மடிக்கணினிக்கு, ஒன்று மகனின் மேசைக்கு. அதே வரிசையில் விலை குறைந்த எக்ஸ்20-இல் இரண்டு துளைகள்தான். யுஎஸ்பி துளை எக்ஸ்50-இல் கிடையாது. ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க் சொருகி வீட்டுக்குப் பொதுவாக வைக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பெரும்பாலான அமைப்புகளைக் கைபேசிச் செயலி வழியாகத்தான் மாற்ற வேண்டும். கணினியில் எல்லா நுணுக்கங்களையும் திறந்து வைத்துத் திருத்த விரும்பும் என் மாணவனைப் போன்றவர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்கும் ரவுட்டர்தான் பிடிக்கும். நான் சொன்ன வரிசை நோய்க்கு அதில் மிகச் சிறந்த மருந்து இருக்கிறது. அதைப் பராமரிக்க வீட்டில் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான், எனக்கு வாரம் 19 வகுப்பு.

மூன்று அலைவரிசை மெஷ், அதாவது பல பெட்டிகள் ஒரே வலையாகச் சேர்ந்து இயங்கும் வகை, ஏன் வாங்கவில்லை என்று மகன் கேட்டான். அவற்றில் ஓர் அலைவரிசையைப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்குவார்கள். கம்பி இழுப்பது என்று முடிவான வீட்டில் அந்தக் கூடுதல் பணத்துக்கு வேலை இல்லை. வைஃபை 7 ஏன் இல்லை? அதற்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. எங்கள் 24 கருவிகளில் ஒன்றுக்கும் அது தெரியாது. அதன் பெரும்பலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. நான் வாங்கியபோது நம் நாட்டில் அது வைஃபைக்குத் திறந்திருக்கவில்லை. அதன் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வந்தன. இன்று புதிதாக வாங்குபவர், வீட்டில் இருக்கும் கருவிகளைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இனி கம்பி. இந்தப் பகுதியை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் பலர் ரவுட்டருக்குப் பதினைந்தாயிரம் கொடுத்துவிட்டுக் கம்பியில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ரேழியிலிருந்து தாழ்வாரத்தின் உத்தரத்தை ஒட்டி, முற்றத்தைச் சுற்றி, பின்கட்டு மச்சுவரை 34 மீட்டர். லேன் கேபிளுக்கு 100 மீட்டர் வரை வரம்பு இருப்பதால் தூரம் பிரச்சினை இல்லை. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பியே ஒரு சுருள் வாங்கி வந்து, பிவிசி குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையிலும் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து) கொடுத்தார். இரண்டாவது டெகோ கம்பியைத் தானாகவே கண்டுகொண்டது. வேகம் பார்த்தால் 94. திரும்பத் திரும்ப 94. மேலே ஏறவே இல்லை.

மாணவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எண்ணைக் கேட்டதுமே சொல்லிவிட்டான்: "94 என்றால் கம்பி 100 மெகாபிட்டில் நின்றுவிட்டது." கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஓர் இழை அறுந்தாலும் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. முனையை வெட்டி, தோலைச் சீவிப் பார்த்தோம். சிவப்பாக இருக்க வேண்டிய கம்பி உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. முற்றத்து மூலையில் குழாய் திரும்பும் இடத்தில் ஓர் இழை முறிந்திருந்தது. "அம்மா, கடையில் கேட் 6 தரம் என்றுதான் கொடுத்தார்கள்" என்று எலக்ட்ரீஷியன் தம்பி வருத்தப்பட்டார். அவர்மேல் குற்றமில்லை. முழுச் செம்பு என்று உறையிலேயே அச்சிட்ட சுருளை நானே போய் வாங்கி வந்தேன். மூலைகளில் மடிக்காமல் வளைத்து, கரண்ட் ஒயர் போகும் குழாயைத் தொடாமல் தள்ளி, ஒரு முழு நாள் வேலை. இரு முனையிலும் ஒரே வண்ண வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பக்கத்தில் நின்று ஒவ்வொரு நிறமாக நானும் சொல்லிப் பார்த்தேன். மாலையில் சோதித்தபோது மச்சில் 198 காட்டியது.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. இணையச் சேவை நிறுவனம் கொடுக்கும் ஃபைபர் மோடமே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்தால் முகவரி மாற்றம் இரு முறை நடக்கும். மகனின் அலுவலக இணைப்பு அதனால் முரண்டு பிடித்தது. மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லி வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். மூன்றாவது அழைப்பில்தான் விஷயம் தெரிந்தவர் பேசினார். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். இப்படிக் கேட்கத் தயங்குபவர்கள் டெகோவை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (ரவுட்டர் வேலையை மோடத்திடமே விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) வைத்துவிடலாம், வேலை சுலபம். ஆனால் அந்த முறையில் எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று சொல்லும் வசதி கிடைக்காது. எனக்கு வேண்டியதே அதுதான். எதுவானாலும் மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். ஒரே அறையில் இரண்டு பேர் வேறு வேறு சுருதியில் பாட வேண்டாம்.

செயலியில் மொத்த வேகத்தை உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து 180 என்று எழுதினேன். வரிசை சேவை நிறுவனத்தின் பக்கம் சேராமல் நம் பெட்டியிலேயே இருந்தால்தான் அதை ஒழுங்குபடுத்த முடியும். என் மடிக்கணினிக்கும் மருமகளின் கணினிக்கும் முன்னுரிமை. விருந்தினர் வலையமைப்பை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் திறந்து, கேமரா, பிளக், ஏசி எல்லாவற்றையும் அதில் சேர்த்தேன். வேகத்துக்காக இல்லை, மலிவான பிளக் ஒன்றுக்கும் என் கணவர் வங்கிக் கணக்குப் பார்க்கும் மடிக்கணினிக்கும் பழக்கம் வேண்டாம் என்றுதான். வீட்டின் இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். மருமகள் அலுவலக அழைப்பில் பேசிக்கொண்டே கூடத்திலிருந்து சமையலறைக்கு வருகிறாள், அறுபடுவதில்லை.

எங்கே வைப்பது என்பதற்குப் பணம் வேண்டாம், மனது வைத்தால் போதும். முதலில் ரேழி அலமாரிக்குள், பித்தளைக் குடங்களுக்குப் பின்னால் பழைய ரவுட்டர் ஒளிந்திருந்தது, அழகுக்காக. உலோகமும் கண்ணாடியின் ரசமும் தண்ணீரும் அலைகளுக்குப் பகை. இப்போது முதல் பெட்டி கூடத்து நிலைக்கு மேலே திறந்த பலகையில் இருக்கிறது. இரண்டாவது மச்சின் படிக்கட்டு மேடையில், கீழே சமையலறைக்கும் எட்டும்படி. பீரோவிலிருந்து ஆறு அடி தள்ளி வைத்ததற்கே என் அறையில் ஐந்து புள்ளி கூடியது.

எங்கள் பகுதியில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்துவார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்தேன். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கண்ணிமைப்பில் மோடமும் ரவுட்டரும் அணைந்து மறுபடி எழுந்தன. திரும்பி வர மூன்று நான்கு நிமிடம். 12 வோல்ட் மினி யுபிஎஸ் இரண்டு வாங்கினேன். ரேழியில் இருப்பது மோடத்துக்கும் முதல் பெட்டிக்கும், மச்சில் இருப்பது இரண்டாவதற்கு. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யுபிஎஸ் தரும் அளவோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மச்சில் இப்போது அலையின் பலம் மைனஸ் 41. வகுப்பு மடிக்கணினியை நான் வைஃபையில் வைக்கவே இல்லை, கம்பியில் சொருகிவிட்டேன். காலையில் பிங் 9, மாலை 5.20-க்கு 22 முதல் 30. கொழுந்தனாரின் மகன் வழக்கம்போல் டிபன் சாப்பிடுகிறான், அவன் கைபேசி வழக்கம்போல் படங்களை ஏற்றுகிறது. பக்கத்திலேயே பெட்டி இருப்பதால் சீக்கிரம் சொல்லி முடித்து இறங்கிவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தை மேலும் மூன்று மாதம் எழுதினேன். மொத்தம் இரண்டே தடங்கல், இரண்டும் ஒரே நாளில், வீதியில் சாக்கடை வேலைக்காகத் தோண்டி ஃபைபர் அறுந்தபோது.

இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இரண்டு பெட்டி வாங்க வேண்டாம். நல்ல இரட்டை அலைவரிசை வைஃபை 6 ரவுட்டர் ஒன்றை நடுக்கூடத்தில் உயரத்தில் வைத்தால் போதும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வைத்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல். வாடகை வீட்டில் குழாய் இழுக்க முடியாதவர்களுக்குத் தட்டைக் கேபிள் கிடைக்கிறது, சுவரோரமாக ஒட்டிவிடலாம். நகராத பொருள் எதுவானாலும், தொலைக்காட்சியோ மேசைக் கணினியோ, கம்பியில் போடுங்கள். ஒன்று கம்பிக்குப் போனால் மேடையில் ஓர் இடம் காலி.

எங்கள் வீட்டிலும் அந்த வேலை முடியவில்லை. மாமியாரின் அறைத் தொலைக்காட்சி இன்னும் வைஃபையில்தான் ஓடுகிறது. செம்புச் சுருளில் மிச்சம் 40 அடி பரணில் இருக்கிறது; அளந்து பார்த்தேன், போதும். நவராத்திரிக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். கொலுவுக்கு வருகிறவர்கள் பத்து நாளும் கூடத்தில்தான் உட்காருவார்கள். வைஃபை கேட்பவர்களுக்குக் கொடுக்க விருந்தினர் கடவுச்சொல்லைத் தமிழில் உச்சரிக்கச் சுலபமாக இருக்கும்படி மாற்றி, ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டேன்.